வஸிய்யத்: குடும்பத்துக்கு நாம் செய்யும் கடைசி உபகாரம்

 

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

ஒரு குடும்பத்தின் வழக்கு ஜமாஅத்துக்கு வந்தது. பெயரும் வேண்டாம், தெருவும் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன். தந்தையின் பெயரில் ஒரு மனை. மூத்த மகன் இருபது வருடம் வளைகுடாவில் உழைத்து மாதாமாதம் பணம் அனுப்பினார். அந்தப் பணத்தில் அந்த மனையில் இரண்டு மாடி வீடு எழுந்தது. இன்னொரு மகன் தந்தையோடு கடையில் நின்றார். சம்பளம் என்று எதுவும் எடுத்ததில்லை. இரண்டு பெண்கள் கட்டிக்கொடுக்கப்பட்டுப் போய்விட்டார்கள். ஒரு நாள் ஃபஜ்ருக்குப் பிறகு தந்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மூத்தவர் சொன்னார்: "ஹஜ்ரத், வீடு என் வியர்வை." இளையவர் சொன்னார்: "கடையை வளர்த்தது நான்." பெண்கள் சொன்னார்கள்: "பத்திரம் அத்தா பேரில்தானே இருக்கு? எங்களுக்கும் பங்கு உண்டுதானே?" ஓரமாக உட்கார்ந்திருந்த தாயார் எதுவும் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை அந்தச் சபையில் யாரும் பேசவே இல்லை.

நான் கேட்டேன்: "அத்தா உங்களிடம் பணம் வாங்கும்போது என்ன சொல்லி வாங்கினார்? அன்பளிப்பா, கடனா, கூட்டா?" யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருவர் கபரில் இருந்தார்.

அருமைச் சகோதரர்களே! அந்தச் சபையில் யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லோரும் தமக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னார்கள். ஒரு நல்ல தந்தை, ஐவேளைத் தொழுகையாளி, வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்காகவே பாடுபட்டவர், ஒரே ஒரு காரியத்தைச் செய்யாமல் போனார். பேச வேண்டியதைப் பேசவில்லை, எழுத வேண்டியதை எழுதவில்லை. அதைப் பற்றித்தான் இன்றைய ஜும்ஆவில் பேசப்போகிறோம்.

வாரிசுகளை நன்றாக விட்டுச் செல்வதும் இபாதத்

சொத்து பற்றிப் பேசுவது துன்யாவின் பேச்சு, பள்ளிவாசலில் அதற்கென்ன வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைப் பாருங்கள். ஹஜ்ஜத்துல் விதாவின்போது மக்காவில் அவர்கள் கடுமையாக நோயுற்றார்கள். நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். அப்போது ஸஅத் (ரலி) கேட்டார்கள்: யா ரசூலல்லாஹ், என்னிடம் செல்வம் இருக்கிறது, எனக்கு வாரிசு ஒரே மகள்தான், மூன்றில் இரண்டு பங்கை தர்மம் செய்துவிடட்டுமா? நபியவர்கள் வேண்டாம் என்றார்கள். பாதி? வேண்டாம். மூன்றில் ஒன்று? மூன்றில் ஒன்று செய்யலாம், அதுவே அதிகம்தான் என்றார்கள். பிறகு ஒரு பெரிய உண்மையைச் சொல்லிக் கொடுத்தார்கள்: வாரிசுகளை மக்களிடம் கையேந்தும் நிலையில் விடுவதைவிட வசதியோடு விட்டுச் செல்வது சிறந்தது, அல்லாஹ்வின் திருப்பொருத்தத்தை நாடி நாம் செலவிடும் எதற்கும் கூலி உண்டு, மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும்கூட. (புகாரி, முஸ்லிம்)

இந்த ஹதீஸைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தர்மம் செய்ய வந்தவரைத் தடுத்து, உன் மகளை நினை என்று சொன்ன மார்க்கம் இது. மேலும் ஸஅத் (ரலி) அந்த நோயில் இறக்கவில்லை. அதற்குப் பிறகு பல்லாண்டுகள் வாழ்ந்தார்கள். காதிஸிய்யா போரில் தளபதியாக நின்றார்கள். அவர்களுக்கு இன்னும் பிள்ளைகள் பிறந்தார்கள். அன்று எல்லாவற்றையும் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் நிலை என்ன? நாளை நடப்பதை நாம் அறியோம். அல்லாஹ்வே அறிவான்.

இரண்டு இரவுகள்கூடத் தாமதம் கூடாது

வஸிய்யத் என்றாலே மரணப் படுக்கையில் எழுதுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். "இப்பவே உயில் எழுதச் சொன்னால் ஏதோ அபசகுனம் மாதிரி" என்று வீட்டுப் பெண்கள் அழுவதும் உண்டு. ஆனால் வஸிய்யத் செய்ய வேண்டிய விஷயம் உள்ள ஒரு முஸ்லிம், அது எழுதப்பட்டுத் தம்மிடம் இல்லாமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். (புகாரி, முஸ்லிம்) அதைக் கேட்ட நாளிலிருந்து வஸிய்யத் என்னிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்றும் அவர்கள் கூறியிருக்கிறார்கள். இதைக் கேட்டபோது இப்னு உமர் (ரலி) தள்ளாத கிழவரா? இல்லை. நபித்தோழர்களில் இளைஞர் அவர்.

இன்று நமக்கு இரண்டு சக்கர வாகனத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அலைபேசிக்கு உறை இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இல்லை.

அல்லாஹ் முடிவு செய்தது எது, நம்மிடம் விட்டது எது?

வாரிசுகளின் பங்கை அல்லாஹ் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. தொழுகை எத்தனை ரக்அத் என்ற விவரத்தை நபியின் விளக்கத்துக்கு விட்ட ரப்பு, மனைவிக்கு எட்டில் ஒன்றா நான்கில் ஒன்றா என்பதைக் குர்ஆனிலேயே இறக்கிவைத்தான். ஸூரா அன்னிஸாவின் 11, 12, 176 ஆகிய வசனங்கள் அந்தக் கணக்கைச் சொல்கின்றன. அதைத் தொடர்ந்து 13, 14 வசனங்களில் இவை அல்லாஹ்வின் எல்லைகள் என்றும், பேணுபவருக்குச் சுவர்க்கம், மீறுபவருக்கு நரகம் என்றும் எச்சரிக்கிறான்.

அப்படியானால் நாம் திட்டமிட என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. ஒருவர் இறந்தால் அவருடைய சொத்தில் வரிசையாக நான்கு கடமைகள் உண்டு. முதலாவது கஃபன், அடக்கச் செலவு. இரண்டாவது கடன். மூன்றாவது வஸிய்யத். மீதி இருப்பதுதான் நான்காவதாக வாரிசுகளுக்கு. குர்ஆனில் வஸிய்யத் முதலிலும் கடன் பிறகும் ஓதப்பட்டாலும், நபி (ஸல்) அவர்கள் கடனையே முதலில் தீர்க்கச் செய்தார்கள் என்று அலீ (ரலி) அவர்கள் விளக்கினார்கள். (திர்மிதி) இந்த நான்கில் கடன் எவ்வளவு என்று சொல்வதும், வஸிய்யத் என்ன என்று எழுதுவதும், எது என் சொத்து, எது பிறர் சொத்து என்று பிரித்துக் காட்டுவதும் நம் வேலை. நாம் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

கடன்: ஜுபைர் (ரலி) காட்டிய வழி

கடனுக்காக ஒரு முஃமினின் ஆன்மா தொங்கவிடப்பட்டிருக்கும், அது அடைக்கப்படும்வரை என்று ஹதீஸில் வருகிறது. (திர்மிதி) கடன்பட்ட ஒருவரின் ஜனாஸாவுக்கு நபி (ஸல்) அவர்கள் தாமே தொழ வைக்காமல், நீங்கள் தொழுதுகொள்ளுங்கள் என்றார்கள். அபூகதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொழ வைத்தார்கள். (புகாரி)

ஜமல் போர் நாளில் ஜுபைர் பின் அவ்வாம் (ரலி) தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்தார்கள். இன்று நான் கொல்லப்படுவேன் என்று நினைக்கிறேன். என் பெரிய கவலை என் கடன் என்றார்கள். மக்கள் அவர்களிடம் பணத்தை அமானிதமாகக் கொடுக்க வருவார்கள். அமானிதம் தொலைந்துபோனால் கொடுத்தவருக்கு நஷ்டம் என்று பயந்து, இதைக் கடனாக வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்குவார்கள். அப்படிச் சேர்ந்த கடன் 22 லட்சம் திர்ஹம். உன்னால் முடியாதபோது என் மவ்லாவிடம் உதவி தேடு என்றார்கள். உங்கள் மவ்லா யார் என்று மகன் கேட்க, அல்லாஹ் என்றார்கள்.

அவர்கள் ஷஹீதான பிறகு மகன் நிலங்களை விற்றுக் கடன் முழுவதையும் அடைத்தார். சகோதரர்கள் பங்கு கேட்டார்கள். அவர் பிரித்துக் கொடுக்கவில்லை. நான்கு வருடம் ஹஜ் காலத்தில், ஜுபைருக்குக் கடன் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள் என்று அறிவித்துவிட்டு, அதன் பிறகே பங்கு பிரித்தார். அப்போது ஜுபைரின் நான்கு மனைவியரில் ஒவ்வொருவருக்கும் 12 லட்சம் கிடைத்தது. (புகாரி) ஒரு தந்தை வாய் திறந்து கடனைச் சொன்னார். ஒரு மகன் பொறுமையாக அதைத் தீர்த்தார். அல்லாஹ் பரகத் செய்தான்.

நம் கடன்களில் நாம் மறந்துவிடும் ஒன்று மனைவியின் மஹர். நிக்காஹ் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம், கொடுத்தோமா? சில இடங்களில் மையித்தைக் கூடத்தில் வைத்துக்கொண்டு, "மஹரை மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா" என்று அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் எந்தப் பெண் முடியாது என்பாள்? மனம் விரும்பி விட்டுக்கொடுத்தால் மட்டுமே அது கணவனுக்கு ஆகுமாகும் என்று ஸூரா அன்னிஸாவின் 4-ஆம் வசனம் சொல்கிறது. நெருக்கிக் கேட்டு வாங்கும் மன்னிப்பு அந்த வகையில் சேராது. மஹர் பாக்கி இருந்தால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் கடன் பட்டியலில் முதல் வரியாக எழுதுங்கள்.

கொடுக்காமல் விட்ட ஜகாத், கடமையாகியும் செய்யாத ஹஜ் ஆகியவையும் இருக்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் இவை கடனைப் போலவே சொத்திலிருந்து முதலில் நிறைவேற்றப்படும். ஹனஃபீ மத்ஹபில் அவர் வஸிய்யத் செய்திருந்தால்தான், அதுவும் மூன்றில் ஒன்றுக்குள், நிறைவேற்றுவது வாரிசுகள் மீது கடமையாகும். ஆகவே ஹனஃபீகள் இதை எழுதிவைப்பதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றில் ஒன்று யாருக்காக?

வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது நபிமொழி. (அபூதாவூத், திர்மிதி) சின்ன மகன் மேல் பாசம் அதிகம் என்பதற்காக அவனுக்கு உயிலில் வீட்டை எழுத முடியாது. மரணத்துக்குப் பிறகு மற்ற வாரிசுகள் மனமுவந்து ஒப்புக்கொண்டால் தவிர அது செல்லாது. அதேபோல் மூன்றில் ஒன்றைத் தாண்டிய வஸிய்யத்தும் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் செல்லாது. நம் நாட்டு நீதிமன்றங்களும் முஸ்லிம்களின் வாரிசுரிமையில் 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி இதையே பின்பற்றுகின்றன.

பிறகு இந்த மூன்றில் ஒன்றை அல்லாஹ் யாருக்காக நம் கையில் கொடுத்தான்? வாரிசுப் பட்டியலில் வராத, ஆனால் நம் பொறுப்பில் இருப்பவர்களுக்காக.

முக்கியமாக ஒன்றைச் சொல்கிறேன். ஒருவருக்கு மூன்று மகன்கள். நடு மகன் விபத்தில் இறந்துவிடுகிறார். அவருடைய மனைவியும் இரண்டு குழந்தைகளும் மாமனார் வீட்டில் இருக்கிறார்கள். பிறகு தாத்தாவும் இறக்கிறார். மகன்கள் உயிரோடு இருப்பதால் அந்தப் பேரக்குழந்தைகளுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. இது தெரியாமல் எத்தனையோ தாத்தாக்கள், "என் பேரனுக்கு அவன் அத்தா பங்கு தானா வந்துரும்" என்று நம்பிக்கொண்டே மவ்த்தாகிவிடுகிறார்கள். வராது. எகிப்திலும் பாகிஸ்தானிலும் இதற்கென்று தனிச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை. தாத்தா எழுதினால் உண்டு. எழுதாவிட்டால் பெரியப்பா, சித்தப்பாவின் இரக்கத்தை நம்பித்தான் அந்த யத்தீம்கள் நிற்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்குள் அவர்களுக்கு எழுதிவையுங்கள். நெருங்கிய உறவினருக்கு வஸிய்யத் செய்வதைப் பற்றி ஸூரா அல்பகராவின் 180-ஆம் வசனம் பேசுகிறது. அது வாரிசல்லாத உறவினருக்கு இன்றும் பொருந்தும் என்று முஃபஸ்ஸிரீன்களில் பலர் கூறியிருக்கிறார்கள்.

எடுத்து வளர்த்த பிள்ளை, விதவையாகி வந்து நம்மோடு இருக்கும் சகோதரி, இஸ்லாத்தை ஏற்ற சகோதரர்களின் முஸ்லிமல்லாத தாய் தந்தை ஆகியோரையும் இதில் நினைவில் வையுங்கள். மீதம் இருந்தால் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் எழுதுங்கள். வீட்டில் யத்தீம் பேரன் இருக்கும்போது பள்ளிக்கு ஏசி வாங்க எழுத வேண்டாம் என்று பள்ளி இமாமாகிய நானே சொல்கிறேன்.

பெண்மக்களின் பங்கு

உஹதில் ஸஅத் பின் ரபீஃ (ரலி) ஷஹீதானார்கள். அவர்களுடைய மனைவி இரண்டு பெண் குழந்தைகளோடு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். குழந்தைகளின் தந்தையின் சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். பணம் இல்லாமல் இந்தப் பெண்களுக்குத் திருமணம் எப்படி நடக்கும் என்று முறையிட்டார்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபியவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, மகள்களுக்கு மூன்றில் இரண்டும் அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடு, மீதி உனக்கு என்றார்கள். (திர்மிதி, அபூதாவூத்) இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே ஒரு விதவை தன் மகள்களுக்காக வந்து நின்ற வாசலில்தான்.

இன்று என்ன நடக்கிறது? "பொண்ணுக்கு நகை போட்டோம், சீர் செஞ்சோம், அதுதான் அவ பங்கு" என்கிறோம். கல்யாணத்தில் கொடுத்தது அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கைக் கழிக்காது. தந்தை உயிரோடு இருக்கும்போதே, "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று மகளிடம் எழுதி வாங்குவதும் வாரிசுரிமையைப் போக்காது. இன்னும் வராத உரிமையை எப்படி விட்டுக்கொடுப்பது? தந்தை இறந்த பிறகு, தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் ஒரு சகோதரி விட்டுக்கொடுத்தால் அது அவளுடைய பெருந்தன்மை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடு, பொறந்த வீட்டு வாசல் உனக்கு எப்பவும் திறந்திருக்கும்" என்று சொல்வது வேறு. கையெழுத்துப் போடாவிட்டால் வாசல் மூடிவிடும் என்பதுதானே அதன் பொருள்?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே கவனிக்க வேண்டியது மறுபக்கம்: வீடெல்லாம் பெண்களுக்குப் போய், ஆண்பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய நீதி விடுபட்டுவிடக் கூடாது. ஊர் வழக்கம் எதுவானாலும் அல்லாஹ்வின் கணக்கு ஒன்றுதான்.

உயிரோடு இருக்கும்போது கொடுப்பது

ஒருவர் ஆரோக்கியமாக இருக்கும்போது தம் சொத்தை அன்பளிப்பாக, அதாவது ஹிபாவாக, கொடுக்கலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகளை நினைவில் வையுங்கள்.

முதலாவது நீதி. பஷீர் (ரலி) தம் மகன் நுஃமானுக்கு ஓர் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார்கள். உன் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தாயா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள், பிள்ளைகளிடையே நீதமாக நடங்கள் என்றார்கள். பஷீர் (ரலி) திரும்பிப் போய் அந்த அன்பளிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். (புகாரி) உடல்நலமில்லாத பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்க நியாயமான காரணம் இருக்கலாம். அப்போதும் மற்றப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். மறைத்துக் கொடுத்தது என்றைக்காவது வெளியே வரும். வரும்போது நாம் இருக்க மாட்டோம்.

இரண்டாவது ஒப்படைப்பு. அபூபக்ர் (ரலி) தம் மகள் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு 20 வஸக் பேரீச்சம்பழம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மரண வேளை வந்தபோது சொன்னார்கள்: மகளே, நீ அதைப் பறித்துக் கைவசப்படுத்தியிருந்தால் அது உன்னுடையது, இன்று அது வாரிசுகளின் சொத்து, உன் இரண்டு சகோதரர்கள், இரண்டு சகோதரிகளோடு அல்லாஹ்வின் வேதப்படி பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஆயிஷா (ரலி) கேட்டார்கள்: எனக்குச் சகோதரி அஸ்மா ஒருவர்தானே, இன்னொருவர் யார்? காரிஜாவின் மகளுடைய வயிற்றில் இருப்பது; அது பெண் என்று நினைக்கிறேன் என்றார்கள். (முவத்தா) பெண் குழந்தைதான் பிறந்தது. உயிர் பிரியும் நேரத்தில், இன்னும் பிறக்காத ஒரு மகளின் பங்கை மறக்காத தந்தையைப் பாருங்கள். அன்பு மகள் ஆயிஷாவாக இருந்தாலும், கைக்குப் போகாத அன்பளிப்பு நிறைவேறாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே மகன் பெயரில் எழுதிவிட்டேன் என்று வாயால் சொல்லிக்கொண்டு சாவியையும் வாடகையையும் நாமே வைத்திருந்தால் அது குழப்பத்தில்தான் முடியும். கொடுப்பதானால் முறையாகத் தான செட்டில்மெண்ட் பதிவு செய்து ஒப்படைத்துவிடுங்கள். அதேசமயம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வயதான காலத்தில் மருமகளிடம் மருந்துக்குக் காசு கேட்கும் நிலைக்கும் போய்விடாதீர்கள். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் தேவையானது உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

மகனின் பணம், தந்தையின் பத்திரம்

ஆரம்பத்தில் சொன்ன வழக்குக்கு வருகிறேன். மகன் அனுப்பிய பணத்தில் வீடு கட்டினால் அது எந்த வகை? அன்பளிப்பு என்றால் வீடு தந்தையின் சொத்து, எல்லா வாரிசுகளுக்கும் பங்கு உண்டு. கடன் என்றால் அது பங்கு பிரிப்பதற்கு முன் மகனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை. தந்தையின் அனுமதியோடு மகன் தனக்காகக் கட்டிக்கொண்டது என்றால் மனை தந்தையுடையது, கட்டடம் மகனுடையது. மூன்றும் மூன்று சட்டம். எது என்று சொல்ல வேண்டியவர்கள் தந்தையும் மகனும், இருவரும் உயிரோடு இருக்கும்போது.

கடையில் நிற்கும் மகனும் அப்படித்தான். அவர் பங்குதாரரா, சம்பளக்காரரா, உதவிக்கு நிற்கும் பிள்ளையா? "அத்தாவிடம் போய்க் கணக்குப் பேசுவதா" என்று வெட்கப்படுகிறோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் ஸூரா அல்பகராவின் 282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். சிறியதோ பெரியதோ, எழுதச் சலிப்படையாதீர்கள் என்று அங்கே அல்லாஹ் சொல்கிறான். எழுதுவது சந்தேகம் இல்லை. பாசத்தைப் பாதுகாக்கும் வேலி.

ஒரு சிறு கணக்கு

புரிவதற்காக ஒரு கணக்கு. ஒருவர் 70 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தை விட்டு இறக்கிறார். அவருடைய மனைவி, தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். தந்தை முன்பே காலமாகிவிட்டார். அடக்கச் செலவு, மஹர் பாக்கி, மற்றக் கடன்கள் சேர்ந்து 6 லட்சம். மீதி 64 லட்சத்தில் மூன்றில் ஒன்றுக்குள், யத்தீமான ஓர் உறவுக்குழந்தைக்கு 4 லட்சம் வஸிய்யத். இப்போது வாரிசுகளுக்கு இருப்பது 60 லட்சம்.

மனைவிக்கு எட்டில் ஒன்று: 7 லட்சத்து 50 ஆயிரம். தாய்க்கு ஆறில் ஒன்று: 10 லட்சம். மீதி 42 லட்சத்து 50 ஆயிரத்தை ஐந்து பங்காக்கினால் ஒரு பங்கு 8 லட்சத்து 50 ஆயிரம். மகளுக்கு ஒரு பங்கு: 8 லட்சத்து 50 ஆயிரம். மகன்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பங்கு: 17 லட்சம். கூட்டிப் பாருங்கள், 60 லட்சம் சரியாக வரும்.

இதில் கவனியுங்கள்: இறந்தவரின் தாய்க்கு மனைவியைவிட அதிகம். நம் குடும்பங்களில் இறந்தவரின் வயதான தாயைப் பங்கில் சேர்ப்பவர்கள் எத்தனை பேர்? மகளைவிட மகனுக்கு இரு மடங்கு என்றால், மனைவி மக்களின் செலவும், தேவைப்பட்டால் தாயும் சகோதரியும் திரும்பி வந்தால் அவர்களின் செலவும் அவன் தோளில் இருக்கின்றன. பங்கை வாங்கிக்கொண்டு பொறுப்பை விடுபவன் பாதிச் சட்டத்தைத்தான் ஏற்றிருக்கிறான்.

நாம் செய்ய வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். யாருக்கு நான் தர வேண்டும், யார் எனக்குத் தர வேண்டும், யாருடைய அமானிதம் என்னிடம் இருக்கிறது என்று மூன்று தலைப்பில் எழுதுங்கள். மகளிர் குழுக் கடன், நகைக் கடன், சீட்டுப் பணம், பள்ளி நிர்வாகப் பணம் எதையும் விடாதீர்கள்.

மூலப் பத்திரம், பட்டா, வங்கிப் புத்தகம், வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கும் கணக்கு, இவை எங்கே இருக்கின்றன என்று மனைவிக்கும் ஒரு பிள்ளைக்கும் தெரியட்டும். பத்து ஆண்டுகள் தீண்டப்படாத வங்கி வைப்புப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. வாரிசுகள் உரிமை கோரித் திரும்பப் பெறலாம். அதைத் தேடுவதற்காக 2023-இல் 'உத்கம்' என்ற இணையதளத்தையும் ரிசர்வ் வங்கி தொடங்கியது. தேட வேண்டிய நிலையை ஏன் உண்டாக்க வேண்டும்?

வங்கிக் கணக்கில் நாமினி போட்டால் பணம் அவருக்கே சொந்தம் என்று நினைக்காதீர்கள். வங்கியில் வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர்தான் அவர். உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பளித்திருக்கிறது, ஷரீஅத்தும் அதையே சொல்கிறது. நாமினியாக இருப்பவருக்கு இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

வஸிய்யத்தை எழுதுங்கள். முஸ்லிமின் வஸிய்யத் வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். ஆனாலும் எழுதி, நேர்மையான இருவரைச் சாட்சியாக்கி, முடிந்தால் பதிவும் செய்துவிடுங்கள். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. நிலைமை மாறினால் மாற்றி எழுதிக்கொள்ளலாம். எழுதும் முன் ஓர் ஆலிமிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டுங்கள்.

சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளரைக் குறிப்பிடுங்கள். பெண்ணையும் நியமிக்கலாம். உமர் (ரலி) தம் வக்ஃபின் பொறுப்பை மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம்தான் ஒப்படைத்தார்கள். தாத்தா உயிரோடு இருந்தால் விதி மத்ஹபுக்கு ஏற்ப மாறும், கேட்டுச் செய்யுங்கள்.

மவ்த்துக்குப் பிறகு

வாரிசுகளுக்கும் ஒரு வார்த்தை. "அம்மா இருக்கும்வரை பங்கு பேசக் கூடாது" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்டால் வாரிசுகளில் சிலர் இறப்பார்கள், அவர்களின் வாரிசுகள் வருவார்கள், சிக்கல் நூலாகிவிடும். சேர்ந்தே வாழ்வதானாலும் யாருக்கு எவ்வளவு என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு சேர்ந்து வாழுங்கள்.

பருவமடையாத யத்தீம்கள் வாரிசாக இருக்கும் வீட்டில், பிரிக்காத பணத்திலிருந்து மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் என்று பிரியாணி போடாதீர்கள். அதில் அந்தக் குழந்தையின் பங்கு இருக்கிறது. யத்தீம்களின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்று ஸூரா அன்னிஸாவின் 10-ஆம் வசனம் எச்சரிக்கிறது. நம் வயிற்றுக்குப் போகும் கவளம் எதுவென்று பார்த்து உண்போம்.

அந்தக் குடும்பத்தின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பல மாதப் பேச்சுக்குப் பிறகு ஸுல்ஹ் நடந்தது. மூத்தவருக்குச் செலவில் ஒரு பகுதி கொடுத்து, மீதியை ஷரீஅத்படி பிரித்து எல்லோரும் கையெழுத்திட்டார்கள். தாயாரின் பங்கையும் எழுதினோம். அதைப் படித்துக் காட்டியபோது அந்த அம்மா, "எனக்கும் இருக்கா ஹஜ்ரத்?" என்று கேட்டார்கள். கணக்கு முடிந்தது. ஆனால் பெருநாள் அன்று பிள்ளைகள் தனித்தனியே வந்து தாய்க்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். முன்பு ஒரே ஸஹனில் சாப்பிட்டவர்கள். அந்தத் தந்தை ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதும்.

பலவீனமான பிள்ளைகளை விட்டுச் சென்றால் அவர்களுக்காக எப்படிக் கவலைப்படுவார்களோ அப்படி அஞ்சிக்கொள்ளட்டும், நேர்மையான சொல்லைச் சொல்லட்டும் என்று அதே ஸூராவின் 9-ஆம் வசனத்தில் அல்லாஹ் நமக்குச் சொல்கிறான். அந்த நேர்மையான சொல்லை இன்றிரவு இஷாவுக்குப் பிறகு வீட்டில் சொல்லுங்கள். அடுத்த ஜும்ஆவுக்கு வரும்போது அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கமாவது நிரம்பியிருக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் கடன்களை எங்கள் ஹயாத்திலேயே அடைக்கச் செய்வாயாக! எங்கள் சொத்து எங்கள் பிள்ளைகளுக்கிடையே பகையாகிவிடாமல் பாதுகாப்பாயாக! உரியவருக்கு உரியதைக் கொடுக்கும் மனதையும், விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மையையும் எங்களுக்கும் எங்கள் சந்ததிகளுக்கும் தருவாயாக! எங்களை விட்டுப் பிரிந்த தாய் தந்தையரின் கபர்களை ஒளிமயமாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.